மெந்தாலில் செத்தவன்

ஒரு மார்கழி மாலை, நான் செத்துப்போய்விட்டேன் என்று முழுமனதாக நம்பியிருக்கிறேன். நம்பியதோடு நிற்கவில்லை, சொத்தையும் பிரித்துக் கொடுத்துவிட்டேன். ஒன்பது வயதில் அதைவிடப் பொறுப்பாக ஒருவன் சாக முடியாது.

மறுநாள் காலை பாசஞ்சரில் எங்கள் ஊர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போய்த் தேர் பார்ப்பதாக ஏற்பாடு. எனக்கோ மூக்கு நிற்காமல் ஒழுகியது. "சளி புடிச்ச புள்ளய அந்தக் கூட்டத்துல கூட்டிக்கினு போவ முடியாது. காலையில சரியாயிருந்தா பாக்கலாம்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

சிதம்பரத்தில் தலைவலித் தைலம் காய்ச்சி ரயிலில் விற்கும் மாமா அன்று எங்கள் வீட்டில் இருந்தார். அவரிடம் ஒரு தகர டப்பா நிறைய மெந்தால், கண்ணாடி ஊசிகளைப் போல. தைலத்துக்கும் அதுதான், பல்வலிக்கும் அதுதான், சாப்பிட்டபின் வெற்றிலையில் துளி கிள்ளி வைத்துக்கொள்வதும் அதுதான். தவலையில் வெந்நீரை இறக்கி வைத்துவிட்டு, "ஒரு அரிசி அளவு போடு மாப்ளே, ஜாஸ்தி ஆவக்கூடாது. ரெண்டு நாளு ஆவி புடிச்சா சளி ஓடிப்பூடும்" என்று சொல்லி, சீசா வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

ஒரு அரிசிக்கு இரண்டு நாள் என்றால், விடிவதற்குள் போக எத்தனை அரிசி? கணக்கில் நான் மோசமில்லை. நாலு விரலால் அள்ளிப் போட்டுப் போர்வையை மூடிக்கொண்டேன்.

முதலில் கண் போயிற்று. திறந்தால் எரிந்தது, மூடினாலும் எரிந்தது. அடுத்து நடந்ததுதான் விபரீதம். கொதிக்கிற ஆவிக்குள் உட்கார்ந்திருக்கிறேன், முகம் ஜில்லென்று ஆகிறது. மூக்கு, கழுத்து, நெஞ்சு என்று அந்தக் குளிர் கீழே இறங்குகிறது. சில நாள் முன்பு பக்கத்து வீட்டுக்காரர் இறந்தபோது, "காலு ஜில்லுன்னு ஆயிடுச்சு, இனிமே அவ்ளோதான்" என்று பெரியவர்கள் பேசியதைக் கேட்டிருந்தேன். அவருக்குக் கீழிருந்து ஏறியது. எனக்கு மேலிருந்து இறங்குகிறது. ஆளுக்கு ஆள் மாறும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போர்வையை உதறிவிட்டுத் தரையில் நீட்டிப் படுத்தேன். கைகளை நானே மார்மேல் வைத்துக்கொண்டேன். அக்கா வந்து பார்த்தாள்.

"அக்கா, நான் செத்துக்கினு இருக்கேன்."

"கோலியெல்லாம் எங்க வச்சிருக்க? அத சொல்லிட்டு போ."

சொல்லிவிட்டேன். பம்பரத்தையும் சேர்த்து.

அம்மா ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அய்யய்யோ, ஒடம்பு அடுப்பாட்டம் கொதிக்குதே."

"இல்லம்மா, ஜில்லுன்னு இருக்கு."

"வெளியில கொதிக்குது, உள்ள குளுருதா? குளிர் ஜொரந்தான்."

எனக்குத் தலை சுற்றியது. செத்தவனுக்கு ஜுரம் வருமா? வராது என்று தோன்றியதும் சாகவில்லை என்று பெரிய நிம்மதி. ஜுரக்காரனைத் தேருக்குக் கூட்டிப்போக மாட்டார்கள் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. எழுந்து உட்கார்ந்து, எனக்கு ஒன்றுமில்லை என்றேன். சாகக் கிடந்தவன் திடீரென்று ஒன்றுமில்லை என்றதும் அம்மாவின் பயம் இரண்டு மடங்காயிற்று.

வாசலிலேயே மோப்பம் பிடித்துவிட்ட மாமா டப்பாவைத் திறந்து பார்த்தார். "யக்கா, ஜொரமும் இல்ல, ஒண்ணுமில்ல. மெந்தால அள்ளிப் போட்டிருக்கான். அது அப்டித்தான் ஜில்லுங்கும்."

"ஒன் வைத்தியம் போதும்டா" என்று அம்மா கம்பளியை எடுத்து என்னைச் சுருட்டினாள்.

மாமா சொன்னதுதான் உண்மை. மெந்தால் எதையும் குளிர வைப்பதில்லை. குளிர்வதாகத் தோலை நம்பவைக்கிறது, அவ்வளவுதான். உடம்பில் இருந்தது வெந்நீர்ச் சூடு. விடிவதற்குள் அதுவும் ஆறிவிட்டது, சளியும் போய்விட்டது. காலையில் வீட்டுக்குப் பின்னால் போன பாசஞ்சரின் கரிப்புகை வாசனை கம்பளிக்குள் இருந்த என் மூக்குக்குச் சுத்தமாக வந்தது. அந்த ரயிலில் ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்து, என் கோலிகளோடு சிதம்பரம் போய்க்கொண்டிருந்தாள்.