மூன்று முறை தட்டினால்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பலர் அவர்மீது ஒரு பழியை இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்கள். அதனால் வெறும் புகழுரையாக இதை எழுத மகளாகிய என்னால் முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. தலையில் துணி மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்றவர், கடைசியில் திருவண்ணாமலை தேரடி வீதியில் அந்தப் பழைய மாடிக் கட்டடத்தை வாங்கினார். கீழே எங்கள் ஜவுளிக்கடை. மேலே இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் தையல்கார பாய் குடும்பம். மாடித் தரை முழுக்கத் தேக்குப் பலகை. மேலே ஒரு டம்ளர் விழுந்தால் கடையில் கேட்கும்.

அதனால் அப்பாவைக் கூப்பிட அம்மா படி இறங்க மாட்டார். உலக்கையால் தரையில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் காபி, இரண்டு என்றால் சாப்பாடு. மூன்று என்றால் அவசரம், உடனே ஏறி வர வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு தீபத் திருவிழா, தேர் நாள். எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் என்னோடு ஜன்னலில் நின்று தேர் பார்க்க வேண்டும் என்று ஆசை. உலக்கையை எடுத்து மூன்று முறை தட்டினேன். மூச்சிரைக்க ஓடி வந்தார். தேர் வரவில்லை. சற்றுக் கழித்து மறுபடி தட்டினேன், மறுபடியும் வந்தார்.

"கழுத, கடை நெறய ஜனம்மா" என்று செல்லமாகக் குட்டிவிட்டு இறங்கினார்.

தேர் வந்தபோது நான் முன்னறை ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தேன். வீதியின் மேளச் சத்தத்தில், பின்னால் சமையலறையில் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது எனக்குத் தெரியாது. தேர் போன பிறகு அப்பா ஏறி வந்து பார்த்தார். அம்மா உலக்கையைப் பிடித்தபடியே உயிரற்றுக் கிடந்தார்.

சாவு வீட்டில் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஏன்டா, யாவாரம் ஜாஸ்தியாயி பொண்டாட்டி கம்மியாப் பூட்டாளா ஒனக்கு? அவ தட்டுனது காதுல வியலியா?"

"கூட்டத்துல கேக்கலக்கா" என்றார் அப்பா.

உண்மையிலேயே கேட்கவில்லையா, கேட்டும் நான்தான் விளையாடுகிறேன் என்று இருந்துவிட்டாரா? அந்தக் கேள்வி என்னை அரித்தது. கேட்கத்தான் பயம்.

அதற்குப் பிறகு கடையில் துணி அளந்துகொண்டிருக்கும் அவர் கை சட்டென்று நிற்கும். "தட்டுது பாரு" என்பார். மேலே எங்கள் வீடு பூட்டிக் கிடக்கும். இருந்தும் ஏறிப் போய், வெறும் சமையலறையைப் பார்த்துவிட்டு வந்து மீதித் துணியை அளப்பார். முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வருஷம் போகப் போக எனக்கும் கேட்க ஆரம்பித்தது. பலகையை எடுத்துவிட்டு சிமெண்ட் போடச் சொன்னபோது அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

படுக்கையில் விழுந்ததும் கட்டிலைச் சமையலறையிலேயே போடச் சொன்னார். கடையை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் மத்தியானம் மேலிருந்து மூன்று தட்டு. ஓடினேன். துணி அளக்கும் கோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா சிரித்தார்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா தட்டுனேன். அன்னிக்கி நீ தட்டலயா, அது மாதிரி."

கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டேன். "அம்மா தட்டுனது கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு. நீன்னு நெனச்சிக்கினேன். கொயந்த நீ, ஒம்மேல தப்பில்ல. யாராண்டயும் சொல்லாத."

மறுநாள் காலமானார்.

அத்தை, உங்களுக்கும் மற்ற எல்லோருக்கும் சொல்கிறேன். அப்பா வியாபார ஆசையில் அம்மாவை விட்டவர் அல்ல. என் பெயர் வெளியே வராமல் இருக்கத்தான் அந்தப் பழியை வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். அவர் பேச்சை இந்த ஒரு முறை மீறுகிறேன்.

கடைசி நாட்களில் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்த தையல்கார பாய்க்கும், தினமும் கஞ்சி காய்ச்சித் தந்த அவர் வீட்டம்மாவுக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும் என் நன்றி. கட்டடத்தை விற்றுவிடச் சொன்னவர்களின் அக்கறைக்கும் நன்றி. விற்க மாட்டேன். இப்போதும் கடையில் இருக்கும்போது மூன்று தட்டு கேட்கிறது. அம்மாவா அப்பாவா தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் ஏறிப் போகிறேன்.