வீரபாண்டியின் ரஷ்யப் படக்காரர்

தையல் மிஷின்களுக்கு நடுவே தரையில் மல்லாக்கப் படுத்து, கேமராவை மேல்நோக்கிப் பிடித்திருந்தார் மகுடேஸ்வரன். "தாடையத் தூக்குங்க கண்ணு. அங்க, தூரத்துல எதிர்காலந் தெரியுதுங்களா? அதப் பாருங்க." அவர் காட்டிய திசையில் கழிவறை இருந்தது. வீரபாண்டியில் அந்தப் பனியன் கம்பெனிக்கு எதிர்காலம் எப்போதும் அங்கேதான். ஒடிசாவிலிருந்து வந்த பையன்களும் அதையே ஏக்கத்தோடு பார்த்தார்கள்.

கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் இதே கூத்துதான். மணமக்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. அணைக்கட்டுத் திறப்புக்கு வந்தவர்கள் மாதிரி வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

எல்லாம் ஒரு ரஷ்யாக்காரர் செய்த வேலை. மகுடேஸ்வரனின் சின்ன வயதில், மாமாவின் தொழிற்சங்க ஆபீசுக்கு வந்த ரஷ்யப் பத்திரிகையில் அந்தப் படக்காரரின் வாழ்க்கையையும் படங்களையும் போட்டிருந்தார்கள். பெயர் இருந்த மூலையில் யாரோ பஜ்ஜி எண்ணெயைத் துடைத்துவிட்டதால் இன்றுவரை அவர் வெறும் ரஷ்யாக்காரர். டிராக்டரைப் படமெடுத்தார், இரும்பு உலையைப் படமெடுத்தார், போர்முனைக்குப் போனார், மெடல் வாங்கினார். ஒரு படத்தில் மட்டும் ஆட்களின் கால்களைவிட ஒரு பூட்ஸ் அதிகம். மேலிடத்துக்கு ஆகாத யாரையோ அழித்திருக்கிறார். "அந்த ஒத்தக் கால அழிக்க மறந்துட்டாருன்னு சொல்லுவாங்க. எனக்கென்னமோ மறந்த மாதிரித் தெரியலீங்க" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்வார் மகுடேஸ்வரன்.

அந்தக் கம்பெனியில் பனியன் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர் சின்னத்தாய். ஊசி ஏறி ஆள்காட்டி விரல் கோணிப்போனவர். தொழிலாளர் நிலைமையை ஆடிட் செய்ய வந்த வெளிநாட்டுக்காரர்கள் ராத்திரி வேலை உண்டா என்று கேட்க, உண்டு என்று சொல்லித் தொலைத்தார். மறுநாளே வேலை போனது. அப்படி ஒருத்தி இங்கே இருந்ததே இல்லை என்று கம்பெனி சாதித்தது. லேபர் ஆபீசில் மனு கொடுத்த அவருக்கு, கம்பெனி வரவேற்பறையில் மாட்டியிருந்த, மகுடேஸ்வரன் எடுத்த ஆயுதபூஜைப் படம் ஒன்றுதான் ஆதாரம்.

"நாளைக்கு லேபர் ஆபீசர் வாராராம் அண்ணாச்சி. அந்தப் படத்துல நான் இருக்கேம்லா?" என்று மகுடேஸ்வரனிடம் போனில் கேட்டார் சின்னத்தாய். படத்திலிருந்து அவரை அழித்துத் தரச் சொல்லி முதலாளி கதிர்வேல் காலையிலேயே ஆளனுப்பியிருந்தார். பிழைப்பும் நடக்க வேண்டுமே.

அழித்தார். சின்னத்தாய் நின்ற இடத்தில் சந்தனப் பொட்டு வைத்த மிஷின் ஒன்று வந்து நின்றது. புதுப் படத்தை மகுடேஸ்வரனே கொண்டுபோய் மாட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

மறுநாள் வந்த லேபர் ஆபீசர் மூக்கு உரசும் அளவுக்குப் படத்தை நெருங்கிப் பார்த்தார். ஓரத்தில், அந்த மிஷினை ஒட்டி நின்ற இன்னொரு டெய்லர் ஜோதிகாவின் தோளில் ஒரு கை மட்டும் தனியாகக் கிடந்தது, கோணல் விரலோடு. ஆபீசர் திரும்பி, வாசலில் நின்ற சின்னத்தாயின் கையைப் பார்த்தார்.

கதிர்வேல் பல்லைக் கடித்துக்கொண்டு மகுடேஸ்வரன் பக்கம் திரும்பி, "இது யாரு கைங்ணா?" என்றார்.

மகுடேஸ்வரன் மெல்லத் தாடையைத் தூக்கி, கழிவறைப் பக்கம் எதிர்காலத்தைப் பார்த்தார்.