மூத்த ராணி வேஷம்

ஆனந்தவள்ளி மேடையில் ஒரு நாளும் நல்லவளாகச் செத்தது கிடையாது. தென்காசி சங்கரநாராயணன் நாடகக் குழுவில் அவளுக்கு எப்போதும் இளைய ராணி வேஷம்தான். மூத்தவள் மேல் இல்லாத பழியைப் போடுவாள். மூத்தவளோ மறுத்து ஒரு வார்த்தை பேசாமல் விஷம் குடித்துச் சாவாள். கூட்டம் அழும். வாயைத் திறந்திருந்தால் அந்த மகராசி பிழைத்திருப்பாள். இளையவளுக்கு வாய் இருந்தது, வாழ்ந்தாள். ஆனால் இதைக் கோயில் கொடைத் திருவிழா பார்க்க வந்தவர்களிடம் பேச முடியுமா?

ஆய்க்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் மூத்தவள் மேல் உள்ள இந்தப் பாசம் இன்னும் ஒருபடி மேல். ராத்திரி நாடகம் முடிந்து விடிந்ததும் பெண்கள் மஞ்சள், குங்குமம், வளையல், பூ எல்லாம் தட்டில் வைத்து மூத்த ராணியாக நடித்தவளுக்குக் கொடுப்பார்கள். சுமங்கலியாகச் செத்தவளாம். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போடுவார்கள். இளையவளாக நடித்தவளுக்கு டீக்கடையில்கூட முகம் கொடுக்க மாட்டார்கள். ஆனந்தவள்ளி குழுவின் வேனில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். மேலகரத்தில் ஒற்றை அறையில் தனியாகப் பொங்கித் தின்கிறவள் அவள். ஏதாவது ஒரு வீட்டில் இலை போட்டு, இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள் என்று யாராவது சொல்லக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

இந்த வருஷம் மூத்த ராணி உலகம்மைக்குக் காய்ச்சல். வேஷம் ஆனந்தவள்ளிக்கு வந்தது. இளையவளாக, கடையநல்லூரிலிருந்து ஸ்வாதி என்ற புதுப்பெண்ணைப் பிடித்தார்கள். ஆனந்தவள்ளி செத்த சாவில் ஊரே மூக்கைச் சிந்தியது.

விடிந்ததும் தட்டோடு வந்தாள் தங்கத்தாய், கோயில் தர்மகர்த்தாவின் மனைவி. விரலில் குங்குமத்தை எடுத்தபடியே, வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாள்.

"ஆலங்குளத்துல வேற ஒருத்தியோட இருக்காருக்கா. நான் ஒண்ணும் கேக்காம வந்துட்டேன்."

தங்கத்தாய் கெட்டவள் இல்லை. ஆனாலும் கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அம்மன் முன்னால் வைத்து எடுத்த தட்டைத் திருப்பிக் கொண்டுபோகவும் கூடாது. கடைசியில், போன மாதம் தாலி கட்டிக்கொண்ட ஸ்வாதியின் நெற்றியில் அந்தக் குங்குமத்தை வைத்தாள். இரவெல்லாம் சபித்துத் தீர்த்தவளையே சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஆனந்தவள்ளி பழையபடி வேனில் ஏறி உட்கார்ந்தாள். சங்கரநாராயணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வெளியூர்ல இருக்காருன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா?"

"பொய் சொல்லுதவளாத்தான் எல்லா வருஷமும் வாரேன், அண்ணாச்சி. இன்னைக்குத்தான் மூத்தவளா வந்தேன்."