மூன்று முயல்களுக்குப் பூசிய மஞ்சள்

எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். ஆனால் வேலையில் ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை. புக்கிட் செலம்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்திலும் சரி, எண்பதுகளில் சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலைக்கு வந்த பிறகும் சரி.

அங்கே சிறுநீர் இறங்காத நோயாளிகளுக்கு வைக்கும் ரப்பர் குழாய் செய்தார்கள். அந்த ரப்பர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் முயலிடம் பார்ப்பார்கள். முதுகு மயிரைச் சிரைத்து, குழாய் ஊறிய தண்ணீரைத் துணியில் நனைத்து ஒட்டுவார்கள். மறுநாள் துணியை எடுத்துவிட்டு, தோல் சிவக்கிறதா என்று மூன்று நாள் பார்ப்பார்கள். பார்த்து முடிந்ததும் கொன்றுவிடுவார்கள். கூண்டு கழுவித் தீனி போடுவது என் வேலை.

ஒரு தடவைக்கு ஆறு முயல். சோதனை அறையில் இருந்த கோலா கெத்தில் ஊர்ப் பெண்தான் மேலிடத்துக்கு எழுதி எழுதி, ஒரு தடவை மூன்றை மட்டும் வைத்துப் பார்க்க அனுமதி வாங்கினாள்.

"மீதி மூணு உங்களுக்குத்தான் அக்கா. இது நல்லபடியா முடியட்டும், வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்றாள். என் வீட்டுக்காரர் அன்றைக்கே கூண்டுக்குப் பலகை அறுத்தார்.

துணி எடுத்த அன்று அந்த வெறும் முதுகுகளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நம் பிள்ளைகளுக்குச் சிராய்த்தால் என்ன செய்வோம்? வீட்டிலிருந்து மஞ்சள் கொண்டுபோய்க் குழைத்து, மூன்றுக்கும் பூசிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத வைத்தியமா என்கிற எண்ணம்.

மறுநாள் காலை, தீனி மூட்டை இறக்க வந்த லோரிக்காரர் சிரித்தார். "என்னாக்கா, முயலுக்கு மஞ்சத் தண்ணி ஊத்தியாச்சா? பந்தி எப்பலா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "யாரு பூசுனது?"

"நான்தான். புண்ணுக்கு நல்லதுதானே தங்கச்சி?"

"அக்கா, செவக்குதா இல்லையான்னு பாக்கத்தானே இவ்வளவும். இப்ப என்னத்தப் பாக்குறது? மொதல்லருந்து செய்யணும். வேற மூணு வேணும்."

அவள் மீதி மூன்று இருந்த பக்கம் பார்த்தாள்.

"நீங்க வெளிய போங்கக்கா. நான் எடுத்துக்குறேன்."

"வேணாம். என் கையாலதான் எடுப்பேன்."

கூண்டைத் திறந்தேன். கங்கோங் கீரை கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து மூன்றும் முன்னால் ஓடி வந்து, என் விரலை முகர்ந்தன.

அவற்றை வைத்துச் செய்த சோதனை தேறியது. இனி ஒரு தடவைக்கு மூன்றே போதும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தத் தடவையும் ஆறு முயல்தான் போனது.