அத்தைக்குப் படித்துக் காட்டாத இரண்டு பக்கங்கள்

எங்கள் அக்கா மண்ணுக்குள் போய் ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவின் தோழிகளுக்கும், மாணவிகளுக்கும் தங்கையாகிய என் வணக்கம். நான் எங்கள் ஊர் அங்கன்வாடி ஊழியர். பன்னிரண்டாவதோடு நின்றவள். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் அக்காவுக்கு எத்தனையோ பேர் இருந்தும், இதை நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்தேன். ஏன் என்பதைப் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள்.

அக்கா மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது வயலிலேயே வலி கண்டதாக அம்மா சொல்வார். நல்ல கறுப்பு நிறம். ஐந்தாவது முடித்ததும் மலையை விட்டு இறங்கி விடுதிப் பள்ளிக்குப் போனார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் அவ்வளவு தூரம் போனதில்லை. "பொட்டப்புள்ளய படிக்க அனுப்பிட்டு இன்னா பண்ணப் போற?" என்று ஊரில் கேட்டார்கள். ஜீப் வராத நாட்களில் அப்பா அக்காவின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கீழே வரைக்கும் நடப்பார். எங்கள் அப்பா அப்படிப்பட்டவர். அதனால்தான் பின்னால் நான் ஒரு தப்பைச் செய்தேன்.

சென்னையில் கல்லூரி. விடுதியில் இவர் குளித்துவிட்டு வந்த குளியலறைக்கு உடனே போகமாட்டார்களாம் சில பெண்கள். "காட்டுக்காரி" என்பதுதான் அங்கே அக்காவுக்குப் பெயர். அழுதுகொண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தவர் கையில், அமெரிக்காவில் பருத்திக்காட்டில் பாடுபட்ட ஒரு குடும்பத்தின் மகள் எழுதிய புத்தகம் கிடைத்தது. கறுப்பினப் பெண். "ஏய், நம்ம அம்மாவ இவளுக்கு எப்படிடி தெரியும்?" என்று லீவுக்கு வந்தபோது என்னைப் பிடித்து உலுக்கினார். எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. அன்றிலிருந்து கடைசிவரை அந்தப் பெண்களின் எழுத்துதான் அக்காவின் படிப்பு, முனைவர் பட்டம், வேலை, வீடு, எல்லாம். வேலூரில் பேராசிரியராக இருந்த காலம் முழுக்க அதைத்தான் பாடமாக நடத்தினார், தமிழில் கொண்டுவந்தார், கட்டுரை கட்டுரையாக எழுதினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "யாரு, இந்தப் புத்தகத்தையெல்லாம் அவன் தூக்குவானா?" என்று சிரிப்பார்.

எனக்குப் புரிகிற மாதிரி ஒருமுறை சொன்னார். அங்கே வெள்ளைக்காரப் பெண்கள் பெண்ணுரிமை பேசியபோது கறுப்புப் பெண்ணை மறந்துவிட்டார்கள். கறுப்பு ஆண்கள் இன உரிமை பேசியபோதும் அவளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். "இங்க மட்டும் இன்னா வாழுது? கீழ பொம்பளைங்க கூட்டம் போட்டா மலைக்காரி இல்ல. மலைக்காரங்க கூட்டம் போட்டா பொம்பள இல்ல. அப்ப நம்ம பேச்ச யாரு எழுதறது?" என்றார்.

எழுத ஆரம்பித்தார். எங்கள் ஊரில் மாதவிலக்கான பெண்கள் மூன்று நாள் வீட்டில் இருப்பதில்லை. ஊர்க்கோடியில் அதற்கென்று ஒரு குடிசை உண்டு. ஆண்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார்கள். அக்கா ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்தது அந்தக் குடிசையில்தான். படித்த தோழிகளுக்கு அதில் வருத்தம். அதை இடிக்கச் சொல்லாமல் அதற்குள்ளேயே போய் உட்காருவதா என்று கேட்டார்கள். "இடிக்கத்தான் வேணும். ஆனா இவங்க ஆம்பள காது இல்லாம பேசறதுக்கு வேற எடம் இன்னா இருக்குது, சொல்லுங்க" என்றார் அக்கா. பெண்கள் பேசினார்கள். எம்மா, என்னமாய்ப் பேசினார்கள்! விலக்கு நின்றுபோன எங்கள் அத்தைகூட மருமகளுக்குச் சோறு கொண்டுவருகிற சாக்கில் வந்து வாசலில் உட்கார்ந்து பேசினார். அத்தை அப்பாவுக்குத் தங்கை, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர்.

அக்காவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பேசியவருக்குப் படித்துக் காட்டி, அவர் சரி என்று சொல்லாமல் ஒரு வரிகூட அச்சுக்குப் போகக் கூடாது. கல்லூரி வேலையால் அவரால் அடிக்கடி மேலே வர முடியவில்லை. அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நானும் ஒவ்வொருவருக்காகப் படித்துக் காட்டினேன். ஒருத்தி இதை எடு என்றாள், எடுத்தோம். ஒருத்தி பெயரை மாற்று என்றாள், மாற்றினோம்.

அத்தையின் பேச்சை அக்கா எழுதி அனுப்பிய தாள்கள் வந்தன. புருஷன் அடியில் அவருக்குக் கரு கலைந்ததும், மூன்று முறை அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்ததும், மூன்று முறையும் அண்ணனே கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப விட்டதும் இரண்டு பக்கத்தில் இருந்தது. அந்த அண்ணன் என் அப்பா. நான் அதைப் பிரித்துப் பார்த்தபோது கூடத்தில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பற்றி அப்படி ஒன்றை என் வாயால் படிக்க மனசு வரவில்லை. மறுநாள் அத்தைக்குப் படித்தபோது அந்த இரண்டு பக்கத்தையும் தாண்டிப் போய்விட்டேன். அத்தை தலையாட்டினார். "எல்லாரும் சரின்னுட்டாங்க" என்று அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

புத்தகம் வந்தது. யாரோ அதை டீக்கடையில் வைத்துப் படித்து, கையும் காலும் வைத்து ஊருக்குள் பரப்பினார்கள். அண்ணன்தான் என் பிள்ளையைக் கொன்றான் என்று அத்தை சொன்னதாக எழுதியிருக்கிறதாம். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. "எனக்குப் படிச்சப்ப அதெல்லாம் இல்லியே, அப்புறமா சேத்துட்டாளா?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், அத்தையின் புருஷனான மாமாவின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டார். அக்கா வேலூரிலிருந்து வந்து நடுவில் நின்றார். கேட்காமல் எழுதியது தப்பு என்று ஒப்புக்கொண்டார். எழுதியது பொய் என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். "தப்பு தப்புதான். ஆனா பொய்யில்லீங்க" என்றார். அக்கா இனி ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பானது.

பதினொரு வருஷம். அக்கா ஆலங்காயத்தில் மலை தெரிகிற மாதிரி ஒரு வாடகை வீடு பார்த்து, அங்கிருந்தே கல்லூரிக்குப் போய் வந்தார். புளியும் பலாப்பழமும் விற்க இறங்கும் நம் பெண்கள் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்காமல் ஏறமாட்டார்கள். அத்தை மட்டும் போகவில்லை. ஒரு பொங்கலுக்கு அக்கா கொடுத்தனுப்பிய சேலையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா இறந்தபோது அக்கா ஜீப் நிற்கிற இடம் வரை வந்து, ஊருக்கு வெளியே பகல் முழுக்க நின்றார். எங்கள் வழக்கத்தில் பெண்கள் புதைக்கிற இடத்துக்குப் போவதில்லை. பெற்ற தாயின் முகத்தைப் பார்க்காமலே திரும்பினார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அப்போதும் திறக்கவில்லை. அப்பாவுக்காகத்தான் மறைத்தேன் என்று அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளவும் முடியாது.

நான் போகும்போதெல்லாம் அக்கா பிள்ளைகளை விசாரிப்பார், பலா காய்த்ததா என்பார். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு நாளும், ஒரு சொல்லும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

சிறுநீரகம் கெட்டுப்போய், ரத்தம் சுத்தம் செய்ய வாரம் இரண்டு முறை வேலூருக்கு அலைந்தார். கடைசி மாதங்களில் கை வீங்கிப் பேனா பிடிக்க முடியாமல், மாணவிகள் உட்கார்ந்து எழுத, சொல்லச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பை முடித்தார். முடித்த ஒன்பதாம் நாள் போய்விட்டார். "கட்டுப்பாடு உயிரோட இருந்த வரைக்கும்தான், கொண்டாங்க" என்றார் ஊர்க்கவுண்டர். பதினொரு வருஷம் கழித்து அக்கா அமரர் ஊர்தியில் ஊருக்குள் வந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். மாமா இறந்து அப்போது மூன்று வருஷம். அந்த இரண்டு பக்கத்தையும் படித்தேன். அதில் அண்ணனைப் பற்றி இருந்தது இதுதான்: 'அண்ணன் சோறு போட்டான். என் முதுகப் பாத்து அழுதான். விடிஞ்சதும் கூட்டிக்கினு போய் வுட்டான். அவன்தான் வேற இன்னா பண்ணுவான், ஊரு அப்படி.' அத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னதுதானே இது. இதுக்காடி பெரியவள வெளிய நிக்க வெச்சீங்க? அன்னிக்கே இதப் படிச்சிருந்தா கூட்டத்துல நானும் அவகூட நின்னிருப்பேனே" என்றார். மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். என்னை அவர் தொடவில்லை.

வேலூருக்கு அலைந்த நாளெல்லாம் மாற்றி மாற்றித் துணைக்குப் போன மாணவிகளுக்கும், உடன் பணியாற்றிய பேராசிரியர்களுக்கும், ஆலங்காயத்தில் சொந்தத் தாய்போல் பார்த்துக்கொண்ட வீட்டுக்கார அம்மாவுக்கும், ஜீப்பை நிறுத்தாமல் எங்களுக்காக ஓட்டிய தம்பிக்கும், புதைக்க இடம் கொடுத்த ஊருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அத்தையிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. தன் பேச்சு எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார். "ஆனா கூட்டத்துல நீ எங்க இருந்தேன்னு எழுதலியே. எங்கிட்ட சொன்னியே, அதையும் எழுது" என்றார்.

எழுதுகிறேன். நான் பெண்களோடு பின்னால், அக்காவுக்குப் பத்தடி தூரத்தில், கைக்குழந்தையோடு நின்றிருந்தேன். "படிச்சிக் காட்டுனது யாரு?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போடுவதுபோல் குனிந்துகொண்டேன். அதன் பிறகுதான் அக்கா, "யாரும் படிக்கல. தப்பு என்னுது" என்றார்.