மீனுக்கும் மனைவிக்குமாக ஒரு மோட்டார் வள்ளம்

என் மைத்துனியின் கலியாணத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது என் மனைவி ஒரு நிபந்தனை விதித்தாள். ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவிலுள்ள தாய்வீட்டுக்கு அவள் தன் காலில் நின்றபடி போய்ச் சேரவேண்டும். முந்திய முறை தன் தம்பியின் கலியாணத்துக்குப் பாய்வள்ளத்தில் போனவள், கடல் ஒத்துக்கொள்ளாமல் வழிநெடுகச் சத்தியெடுத்து, கரை சேர்ந்ததும் படுக்கையில் விழுந்தாள். தாலி கட்டியதை மேளச் சத்தத்தைக் கொண்டே அறிந்தாள்.

"இந்தமுறையும் படுத்துக்கிடந்து கலியாணம் கேக்க என்னாலை ஏலாது. நிண்டு பாக்கவேணும்," என்றாள்.

கடற்றொழில் செய்துவந்த என் அண்ணனும் அப்போது காற்றை நம்பி அலுத்திருந்தார். பட்டம் பெற்று ஆசிரியனாக இருந்த நான் அவரோடு பங்கு சேர்ந்தேன். மீன்பிடிக்கும் குடும்பப் பயணத்துக்கும் பொதுவாக ஒரு மோட்டார் வள்ளம் வாங்குவது என்பது எங்கள் உடன்பாடு.

துறையில் இரண்டு வள்ளங்கள் விலைக்கு நின்றன. ஒன்று, மாற்றலாகிப் போகும் உத்தியோகத்தர் ஒருவரின் வெள்ளை லோஞ்ச். யன்னலும் திரைச்சீலையும் மெத்தை தைத்த வாங்குப் பலகையும் கொண்ட சிற்றறை அதில் இருந்தது. மற்றது அகன்ற, திறந்த வள்ளம். நடுவில் எஞ்சின், பலகைகளுக்குக் கீழே மீன் போடும் இடம். வேறு அலங்காரம் எதுவுமில்லை.

இதை வெறும் குடும்ப விஷயமாக நான் கருதவில்லை. எஞ்சின் சத்தத்தால் மீன் கலைந்தால் அயல் வலைகளுக்கு நேரும் நட்டம், பாய்வள்ளக்காரரின் பிழைப்பு, தீவுகளின் நோயாளரை ஆஸ்பத்திரிக்கு விரைந்து கொண்டுவரும் வாய்ப்பு ஆகியவற்றைத் துறையில் நின்றே எடுத்துரைத்தேன். அண்ணன் வெற்றிலை மென்றபடி கடைசிவரை கேட்டார்.

"தம்பி, முதல்லை வீட்டுக்காரரை ஏத்திப் பாப்பம். உலகத்தைப் பிறகு ஏத்துவம்."

ஒவ்வொன்றிலும் நயினாதீவுவரை போய்த் திரும்புவதெனத் தீர்மானமாயிற்று. அண்ணன் திறந்த வள்ளத்தையும் மனைவி அறையையும் விரும்புவார்கள் என்று ஊகித்து, இருவரையும் சமாதானப்படுத்தும் உரையொன்றை நான் ஆயத்தம் செய்திருந்தேன்.

லோஞ்சில் ஏறியதும் மனைவி திரைச்சீலையைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தாள். புழுக்கமும் மண்ணெண்ணெய் மணமும் அந்த அறைக்குள் சேர்ந்துகொள்ள, பாதிவழிக்கு முன்னரே யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டாள். எதிர் வாங்கில் அண்ணன் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். பிறந்ததிலிருந்து பலகையில் இருந்தே கடலுக்குப் போனவர் அவர்.

"தம்பி, இதைத்தான் வாங்கிறம்."

"வலையை எங்கை போடுறது, அண்ணை?"

"யன்னலாலை போடலாம்."

"யன்னலிலை நான் நிக்கிறன், அத்தான்!" என்றாள் மனைவி.

மறுநாள் திறந்த வள்ளத்தில் அவள் முன்முனையில், அணியத்தில் போய் இருந்தாள். காற்று முகத்தில் அடித்தது. திரும்பி வந்தவள் தானாகவே இறங்கி, வீட்டில் பிட்டு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.

எனவே இருவரும் இடம் மாறி நின்று வாதாடினார்கள். குடும்பப் பெண் மீன்வள்ளம் கேட்டாள். மீன்பிடிப்பவர் மெத்தை கேட்டார். என் உரை யாருக்கும் பயன்படவில்லை. கடைசியில் திறந்த வள்ளத்தை வாங்கி, அண்ணனுக்கென்று ஒரு பஞ்சுமெத்தையும் தைத்துப் போட்டோம்.

எனக்கு லீவு கிடைக்காததால் கலியாணத்தன்று விடியலில்தான் புறப்பட்டோம். அன்று மீன்பிடி இல்லையென்று அண்ணன் சத்தியம் செய்திருந்தார். ஆயினும் பழக்கதோஷத்தில் ஒரு தூண்டிலைப் பின்னால் இழுத்துவந்தார். நெடுந்தீவு கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் பெரிய பாரைமீன் ஒன்று கொளுவியது. அண்ணன் வெட்டி இழுக்க, அது துள்ளி என் மனைவியின் கூறைச்சேலை மடியில் விழுந்தது.

அவள் சத்தியெடுக்கவில்லை. நிமிர்ந்து நின்று கரையிறங்கினாள். மாமியார் ஓடிவந்து கட்டியணைத்து, உடனே மூக்கைப் பொத்தினார்.

"எடி பிள்ளை, கிணத்தடிக்குப் போ!"

மாடு வளர்க்கும் என் மாமனார் வள்ளத்தைச் சுற்றிவந்து, பக்கத்தில் தட்டிப் பார்த்தார்.

"வயிறு பெரிசு. கன எண்ணெய் குடிக்குமோ, தம்பி?"

குளித்தும் பாரை முழுதாகப் போகவில்லை. மணவறையில் தங்கைக்குப் பக்கத்தில் நின்ற என் மனைவியைச் சுற்றிச் சற்று இடம் விட்டே மற்றப் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி இரக்கப்பட்டு, அவள் உட்காரக் கதிரை கொண்டுவந்தாள்.

"வேண்டாம் அக்கா," என்றாள் என் மனைவி. "நான் நிக்கத்தான் வந்தனான்."