சொட்டு நின்ற காலை

என்னிடம் ஒரு பிஸ்கட் டின்னின் மூடி இருக்கிறது. டின் எப்போதோ போய்விட்டது. மூடி ஒன்பதரை அங்குல நீளம், ஏழு அங்குல அகலம். நான்கு மூலைகளில் ஒன்று நசுங்கியிருக்கிறது. மேல்பக்கம் இருந்த ரோஜாப் படத்தில் இரண்டு இலைகளும் அரைப் பூவும் மிச்சம். உள்பக்கம் பழுப்பேறிக் கிடக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட பிறகும், விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் இன்ஜின் எண்ணெய் வாசனை வருகிறது. அப்படி எதுவும் வரவில்லை, எல்லாம் உங்கள் பிரமை என்கிறாள் அக்காவின் மகள். அவளுக்கு அப்போது இரண்டு வயது.

அந்த மூடியை அத்தானின் மோட்டார் சைக்கிளுக்கு அடியில் வைத்தவன் நான். அத்தான், அக்காவின் கணவர். எழுபதுகளின் தொடக்கத்தில், பள்ளிக்கூட வேலை கிடைத்துத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த என்னை, மந்தைவெளியில் தங்களுடைய இரண்டறைக் குடித்தனத்தில் சேர்த்துக்கொண்டவர். நான் மயிலாப்பூரில் கணக்கு வாத்தியார். அவர் ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. தோல்பையில் மாத்திரை மாதிரிகளை அடுக்கிக்கொண்டு, அந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்குப் பதினோரு டாக்டர்களைப் பார்த்தாக வேண்டும். அடையாறில் தொடங்கித் தியாகராய நகரில் முடியும் சுற்று. பஸ்ஸை நம்பினால் ஆறு பேரைத் தாண்ட முடியாது. அதனால்தான் மூன்று கை மாறி வந்த அந்த வண்டியை வாங்கினார். நல்ல வண்டிதான். குறை ஒன்றே ஒன்று. இன்ஜினின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் எண்ணெய் கசிந்தது. எங்கிருந்து புறப்படுகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி பட்டையாக வழிந்து, கீழே ஒரு போல்ட்டின் தலையில் திரண்டு, நிறுத்தி வைத்த இடத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது.

நிறுத்தி வைத்த இடம் ஐந்து குடித்தனங்களுக்கும் பொதுவான நடை. தெருக்கதவிலிருந்து கிணற்றடிக்குப் போக அது ஒன்றுதான் வழி. சிவப்புச் சிமெண்டுத் தரை. வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனவர், குரலை உயர்த்தாதவர். ஒருநாள் குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்தவர் அந்த எண்ணெயில் சறுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மாலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். "நேக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா ஆத்துல குழந்தைகள் ஓடிண்டிருக்கா. மாசக் கடைசிக்குள்ள ஒழுகறது நின்னுடணும். இல்லேன்னா நீங்க வேற எடம் பாத்துக்குங்கோ" என்றார். பிறகு, "தப்பா நெனச்சுக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வீடு கிடைக்க அக்காவும் அத்தானும் ஏழு மாதம் அலைந்திருந்தார்கள்.

மூடி அடுத்த நாள் வந்தது. எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க வராது. படிக்கட்டு, தெருவிளக்கு, சோற்றில் அகப்படும் கல் எல்லாவற்றையும் எண்ணுவேன். மூடியில் இரவெல்லாம் தேங்கிய எண்ணெயைக் காலையில் பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரால் உறிஞ்சி, ஒரு மருந்துப் பாட்டிலுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினேன். முதல் நாள் தொண்ணூற்று மூன்று. காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே பென்சிலால் எழுதினேன். அத்தான் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, வண்டிக்கு நாடி புடிச்சாச்சா?"

"தொண்ணூத்தி மூணு அத்தான்."

"ஒரு டாக்டரும் இப்படிப் பாக்க மாட்டாம்டே. ஒனக்கும் ரெண்டு சாம்பிள் மாத்திரை தாரேன்."

அதன் பிறகு ஒவ்வொரு காலையிலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். இன்னைக்கு எத்தன மாப்ள? நான் ஓர் எண்ணைச் சொல்வேன். அக்கா காப்பி கொண்டுவருவாள்.

வண்டியைச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். கூவத்துக்கு அருகே ஒரு சந்தில், முன்பக்கம் கதவே இல்லாத பட்டறை. முதல் தடவை போல்ட்டுகளை இறுக்கிக் கொடுத்தார். எண்பத்தெட்டு. இரண்டாம் தடவை இடையில் வைக்கும் பேக்கிங்கை அட்டையில் வெட்டிப் போட்டார். எழுபது, மூன்றே நாளில் மறுபடி தொண்ணூறு. மூன்றாம் தடவை இன்ஜினை முழுக்கப் பிரித்து, இரண்டு பாதிகளையும் கண்ணாடிமேல் தேய்த்துச் சமன்செய்து, புதுப் பேக்கிங் வைத்துப் பசை தடவி மூட்டி, எண்ணெயும் நிறைய ஊற்றி வைத்திருந்தார். நானும் அத்தானும் போனோம். அத்தான் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கூவத்தை ஒட்டி ஒரு சுற்றுப் போனார். நான் மெக்கானிக்கிடம் நின்றேன். மாசக் கடைசிக்கு இன்னும் பதினாறு நாள். வீட்டுக்காரர் சொன்னதைச் சொல்லி, இந்தத் தடவை ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது, நான் தினமும் ஃபில்லரால் உறிஞ்சி எண்ணுகிறேன் என்றேன், பையனை அதட்டும் குரலில்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இன்னா சார், ஃபில்லர் வெச்சு எண்ணிக்கினு கீறியா? வாத்தியாரா நீ?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ நைனா. சொட்டுதுன்னா உள்ள எண்ணெ கீதுன்னு அர்த்தம். திடீர்னு நின்னுபூட்டா சந்தோசப்படாத. கம்பிய எட்த்துப் பாரு."

எண்ணெய்த் தொட்டிக்குள் விட்டு மட்டம் பார்க்கும் அளவுக் கம்பியைத்தான் சொன்னார். வேலை சரியாக வராத ஆள் முன்கூட்டியே சொல்லி வைக்கும் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். என் எண்ணிக்கையை அவர் கேலி செய்தது வேறு உறுத்தியது. அத்தான் திரும்பி வந்து, "அருமையா போகுதுய்யா" என்றார். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். மவுண்ட் ரோடு வழியாக வந்தோம், ஒன்பது சிக்னல்கள். ஏதாவது ஒரு சிக்னலில் சொல்லியிருக்கலாம்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் பண்டிகை மாதிரி இருந்தது. முதல் காலை நாற்பத்தொன்று. அடுத்து முப்பத்தாறு, இருபத்தேழு. பசை காயக் காயக் குறைகிறது என்றார் அத்தான். இருபது, பதினாறு. சனிக்கிழமைதோறும் கம்பியை இழுத்துப் பார்த்து எண்ணெய் ஊற்றுவது அவர் வழக்கம். அந்தச் சனிக்கிழமை அவர் ஊற்றவில்லை. "நீதான் தெனமும் எண்ணிச் சொல்லுதியே. ஒனக்குமேல ஒரு கம்பியா?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கக்கூட நான் முயலவில்லை. பதினொன்று. ஏழு. நான்கு. வீட்டுக்காரர் நடையில் நின்று தரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா மட்டும் ஒரு தடவை முணுமுணுத்தாள்: "வண்டி ஒழுகலங்கிய. இவுக பேண்ட்டு வலது கால் பூரா எண்ணெயா இருக்கு. முன்னயவிட மோசமால்லா இருக்கு." பழைய கறையாக இருக்கும் என்றேன். கால்சட்டைக் கறையை எண்ண முடியாது. அதனால் நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த காலை மூடியில் சொட்டே இல்லை. ஃபில்லரைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். முந்தின நாள் பிசுக்கில் ஒட்டிச் செத்துக் கிடந்த சிற்றெறும்புகள் மட்டும் இருந்தன. எண்ண வேறொன்றும் இல்லாததால் அவற்றை எண்ணினேன். ஏழு. மெக்கானிக் சொன்னது அப்போது நினைவுக்கு வந்ததா என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்தது. ஒரு நொடி வந்தது. அதற்குள் அத்தான் துண்டோடு வந்துவிட்டார்.

"இன்னைக்கு எத்தன மாப்ள?"

"பூஜ்யம் அத்தான்."

அவர் துண்டைத் தோளில் வீசிக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார். "ஏட்டி, ஒந்தம்பி சைபர் போட்டுட்டான். சாயங்காலம் அல்வா வாங்கிட்டு வாரேன்."

பத்தரை மணிக்கு, அடையாறு பாலத்து இறக்கத்தில், எண்ணெய் வற்றிய இன்ஜின் சூட்டில் இறுகிக் கவ்விக்கொண்டது. பின்சக்கரம் ஓடுகிற ஓட்டத்தில் அப்படியே நின்றுவிட்டது. அவர் விழுந்தார். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. சொன்னவர்கள் சொன்னது இவ்வளவுதான்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாம் நாள் விடியும் நேரத்தில் அக்கா முகம் கழுவப் போயிருந்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தெளிவாகத்தான் கேட்டார், இன்னைக்கு எத்தன மாப்ள என்று. வாயில் வந்த எண்ணைச் சொன்னேன். பதினாலு. "பரவால்லையே" என்றார். நான் வாழ்க்கையில் எண்ணாமல் சொன்ன எண் அது ஒன்றுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நசுங்கிய வண்டியைச் சிந்தாதிரிப்பேட்டையில் கொண்டுபோய்ப் போட்டோம். மெக்கானிக் அடியில் ஒரு தட்டை வைத்து, வடிகால் போல்ட்டைக் கழற்றினார். இரண்டு ஸ்பூன் அளவுக்குக் கறுப்பாக ஏதோ வந்தது. ஓடும்போது சூட்டில் இளகி, இணைப்பு வழியாகக் காற்றில் சிதறிப் போயிருக்கிறது. மட்டம் இறங்க இறங்க, நின்ற வண்டியில் சொட்ட எதுவும் இருக்கவில்லை. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாந்தான் சார் சரியா ஒட்டல" என்றார் கடைசியில். சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்க்கவும் இல்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்காரர் எங்களை அனுப்பவில்லை. ஒன்பது வருடம் அங்கேயே இருந்தோம். நடையில் வண்டி நின்ற இடத்தைத் தாண்டித்தான் தினமும் கிணற்றடிக்குப் போனோம். எத்தனை தேய்த்தும் அந்தக் கறை போகவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதுதான் காரணம் என்று சொன்னால் அது மிகை, வேறு இரண்டு காரணங்களும் உண்டு. அக்காவோடும் அவள் மகளோடும் இருந்துவிட்டேன். இப்போது திருவான்மியூரில் நான்காவது மாடி. காலையில் மின்தூக்கியில் கீழே இறங்கி வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி வருவேன், பதினெட்டு வண்டிகள். எதற்கு அடியிலும் ஈரம் இல்லை. இந்தக் காலத்து வண்டிகள் ஒழுகுவதில்லையாம். உலர்ந்த தரையைப் பார்க்கும்போது குனிந்து விரலால் தடவிப் பார்க்கிறேன். காவலாளியிடம் இரண்டு தடவை, மூன்றாவது வண்டிக்காரரை எண்ணெய் பார்க்கச் சொல் என்று சொல்லியனுப்பினேன். அவர் சிரித்தாராம்.

மெக்கானிக் என்னிடம் சொன்னதை அக்காவிடம் நான் சொன்னதே இல்லை. போன மாதம், மழை விட்ட ஒரு மத்தியானம் சொன்னேன். அவளுக்கு எண்பத்து மூன்று வயது. மூடி மேசைமேல் இருந்தது. முழுவதையும் கேட்டாள். ஒன்பது சிக்னல்களையும் கேட்டாள். பிறகு மூடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஏ தம்பி, நீ எதுக்கு இதப் போட்டுச் சொமக்க? அன்னைக்கு விடியக்காலம் கோலம் போட வந்தேம்லா, வீட்டுக்காரர் பாத்துருவாரேன்னு நாந்தான் அந்த மூடியத் தொடச்சு வச்சேன். கெடந்தது எம்புட்டோ. நீ பாக்கும்போது எப்படி இருக்கும்? ஒன் கணக்குல தப்பில்ல."

சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியின் நசுங்கிய மூலையைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தாள். அந்த விரல்தான் அத்தான் கால்சட்டையின் வலது கால் கறையை ஐம்பது ஆண்டுகளாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரிக்கா" என்றேன்.

அவள் எழுந்து காப்பி போடப் போனாள். நான் மூடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். துடைத்த மூடியில் அன்று நான் எண்ணிய ஏழு எறும்புகள் இருந்திருக்காது.